ரோபோ வார் பாகங்கள் வாங்குபவர்கள் கவனத்துக்கு: எங்கள் 36,500 ரூபாயை விழுங்கிய கடை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நாகரிகமாக எழுதத் தோன்றும்.

36,500 ரூபாய். கோவையில் பொறியியல் படிக்கும் ஐந்து பேர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். ஒருத்தன் லேப்டாப்பையே விற்றான். ரோபோக்கள் ஒன்றோடொன்று மோதும் ரோபோ வார் போட்டியில் 15 கிலோ பிரிவுக்கு, பல் வைத்த டிரம்மை ஆயுதமாகச் சுழற்றும் பாட் (ரோபோ) ஒன்று செய்துகொண்டிருந்தோம். டிரம்முக்குப் பல் வெட்டிக் கொடுத்த லேத் பட்டறை அண்ணன் கூலியில் பாதிதான் வாங்கினார். சக்கரத்துக்கான கியர் மோட்டார்களைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நேரில் பார்த்து வாங்கினோம், இதுவரை ஒரு குறையும் இல்லை. பாக்கி இருந்தது வெப்பன், அதாவது டிரம்மைச் சுழற்றும் பக்கம்தான்: பிரஷ்லெஸ் மோட்டார் ஒன்று, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தி ஓட்டும் ஈஎஸ்சி சர்க்யூட் ஒன்று, ஆறு செல்லைத் தொடராக இணைத்த 6எஸ் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி இரண்டு, வயர், கனெக்டர்.

கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து, ரோபோ, டிரோன் சாமான் எல்லாம் போட்டோவாகப் போட்டு, விலையை மட்டும் மெசேஜில் சொல்லும் ரகம். தெரு முகவரி கிடையாது. இந்த அடையாளமே உங்களுக்குப் போதும்.

எப்படி நம்பினோம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்களையும் அப்படித்தான் பிடிப்பான். போன் பண்ணியதும் விலை பேசவில்லை. "தம்பி, டிரம் எடை எவ்வளவு? விட்டம் என்ன? பாட் என்ன வேகத்துல ஓடும்?" என்றுதான் கேட்டான். சொன்னதும் மனக்கணக்காகவே, "270 கேவி மோட்டார், 6எஸ்ல 22.2 வோல்ட், லோடு இல்லாம 6,000 ஆர்பிஎம் வரும். பெல்ட்ல கொஞ்சம் குறைச்சுக்கோ. ரொம்ப வேகமா சுத்துனா பல்லு எதிராளியைக் கடிக்காது, உரசிட்டுப் போயிடும்" என்றான். அத்தனையும் சரி. கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று (ஆர்பிஎம்) என்பது, 270ஐ 22.2ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 6,000. பாட் முன்னால் போகும் வேகத்துக்கு டிரம் அளவுக்கு மீறிச் சுற்றினால், ஒரு பல் தாண்டி அடுத்த பல் வருவதற்குள் எதிராளி உள்ளே வர இடமே இருக்காது. இது தெரிந்தவன் சும்மா கடைக்காரனாக இருக்க மாட்டான் என்று நினைத்தோம். நாங்கள் கேட்ட விலை கூடிய மோட்டாரை "அது வேணாம் தம்பி, காசு வேஸ்ட்" என்று அவனே தடுத்தான். "நானும் காலேஜ்ல பாட் அடிச்சவன்தான்" என்றான். எங்கள் டீம் பெயரைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து, மோட்டார் சுற்றும் வீடியோ அனுப்பினான். அவ்வளவுதான், உடனே பணத்தை யுபிஐயில் போட்டுவிட்டோம். மோட்டார் 9,800, ஈஎஸ்சி 8,200, பேட்டரி இரண்டும் 17,000, வயரும் கனெக்டரும் 1,500. கூட்டிப் பாருங்கள், 36,500.

பார்சல் வந்தது. பேக்கிங் அருமை, அதை மட்டும் குறை சொல்ல முடியாது.

பாட்டைத் தடுப்புக்குள் வைத்து வெப்பனை ஏற்றினோம். டிரம் பாதி வேகம்கூட எட்டவில்லை, நின்றது. மறுபடி ஏற்றினால் மறுபடி நிற்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால், முழு சார்ஜில் 25.2 வோல்ட் காட்டிய பேட்டரி, டிரம் கிளம்பும் நேரத்தில் 18க்கும் கீழே விழுகிறது. செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே போனதும் ஈஎஸ்சி தானாகவே கையை விரித்துவிடுகிறது. மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதுதான் கரன்ட்டை அதிகமாக இழுக்கும். சுற்ற ஆரம்பித்தால்தான் அதிலேயே எதிர் வோல்ட்டேஜ் உருவாகி இழுப்பு குறையும். நிற்கும்போது வைண்டிங்கின் மின்தடையைத் தவிரத் தடுக்க ஒன்றும் இல்லை. அந்த முதல் விநாடிகளைத் தாங்காத பேட்டரி, ஸ்டிக்கரில் என்ன போட்டிருந்தாலும் குப்பைதான்.

5000 எம்ஏஎச் கொள்ளளவு என்று அவன் விற்ற பேட்டரியைத் தராசில் வைத்தோம். 6எஸ் 5000 எம்ஏஎச் லைப்போ பொதுவாக 700 கிராமைத் தாண்டும். எங்களுடையது 520. மேலே இருந்த பிளாஸ்டிக் உறையைப் பிளேடால் கீறினால் உள்ளே இன்னொரு ஸ்டிக்கர், அதில் 3300. சி எண் என்பது கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு கரன்ட் தரும் என்பது. 5000 எம்ஏஎச் (5 ஆம்பியர்-மணி), 60சி என்று விற்றால் காகிதத்தில் 300 ஆம்பியர். கையில் இருந்ததோ 3300, அதுவும் நிஜமாக 25சி தந்தாலே பெரிது, ஏறத்தாழ 82 ஆம்பியர். சி எண்ணை எல்லாரும் கொஞ்சம் ஊதித்தான் எழுதுவார்கள், அது தெரிந்ததே. இது ஊதியது இல்லை, ஸ்டிக்கர் மாற்றி விற்றது.

அதோடு விடவில்லை. நண்பனின் டீமிடம் நல்ல பேட்டரி கடன் வாங்கிப் போட்டதும் ஈஎஸ்சி புகைந்தது. 120 ஆம்பியர் என்ற ஸ்டிக்கருக்கு அடியில் 60. மோட்டாரின் வெளிக்கூட்டைக் கழற்றினால் ஒரு காந்தம் எப்போதோ பெயர்ந்து எபாக்சி போட்டு ஒட்டியிருக்கிறது, வைண்டிங் வார்னிஷ் ஒரு பக்கம் கறுத்திருக்கிறது. "புது பீஸ், பாக்ஸ் பீஸ்" என்றானே! சிலிக்கான் வயரைச் சுரண்டினால் மேலே மட்டும் செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியம்.

அப்புறம் பதில்கள். முதலில், "த்ராட்டில் காலிபரேஷன் பண்ணீங்களா தம்பி?" ரிமோட் குச்சியின் குறைந்த, அதிக அளவை ஈஎஸ்சிக்குப் பழக்கும் வேலை அது. பண்ணியிருந்தோம், வீடியோவும் அனுப்பினோம். அடுத்து, "ஓவர்லோட் பண்ணிட்டீங்க." டிரம் எடையைக் கேட்டு, மோட்டாரைத் தேர்ந்தெடுத்ததே அவன்தான். அடுத்து, "சால்டர் வச்சுட்டா ரிட்டர்ன் கிடையாது." கனெக்டர் இல்லாமல் வரும் ஈஎஸ்சியைச் சால்டர் வைக்காமல் நெற்றியில் ஒட்டிக்கொண்டா சோதிப்பது? பிறகு "பாஸ் ஊர்ல இல்ல". பிறகு "எல்லாத்தையும் கூரியர்ல அனுப்புங்க, பார்த்துட்டு சொல்றோம்". அதற்குள் பேட்டரி உப்பிவிட்டிருந்தது. தீப்பிடிக்கக்கூடிய உப்பிய லைப்போவை எந்தக் கூரியர்காரர் எடுப்பார்? அது அவனுக்கும் தெரியும். ஸ்டிக்கர் போட்டோக்களை வரிசையாக அனுப்பியதும் நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்னொரு நண்பனின் எண்ணிலிருந்து புதுக் கஸ்டமர் மாதிரி அழைத்தால், முதல் ரிங்கிலேயே எடுத்து, "சொல்லுங்க தம்பி, டிரம் எடை எவ்வளவு?" என்கிறான். 36,500 ரூபாயை விட அந்தக் குரல்தான் வயிற்றெரிச்சல்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்திருக்கிறோம். ஆன்லைன் விற்பனைக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி குறைதீர்க்கும் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் போட்டிருக்க வேண்டும், புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். இவர்கள் பக்கத்தில் சொந்தப் பெயரே இல்லை.

மோட்டார், ஈஎஸ்சி, பேட்டரி தேர்வு பற்றிப் பாகம் பாகமாக எழுதித் தருகிறேன் என்று ஜூனியர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனசு இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

ஆர்டர் போடும் முன்பே எடையைக் கிராமில் எழுத்தில் கேளுங்கள், அதே அளவு பேட்டரிக்கு வேறு இடங்களில் போட்டிருக்கும் எடையோடு ஒப்பிடுங்கள். ஸ்டிக்கரை மாற்றலாம், தராசை ஏமாற்றுவது கஷ்டம். வயரைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். பார்சல் பிரிப்பதைத் தொடக்கத்திலிருந்து வெட்டாமல் வீடியோ எடுங்கள். ஜிஎஸ்டி எண் உள்ள பில் தராதவனுக்கு ஒரு ரூபாயும் போடாதீர்கள், எவ்வளவு அழகாகக் கணக்குச் சொன்னாலும் சரி. உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடாதீர்கள், அறைக்குள் வைக்காதீர்கள்.

டிரம் எடையைக் கேட்டு ஆரம்பிக்கும் இந்தக் குரலிடம் வேறு யாராவது பணம் போட்டிருந்தால் தொகையையும் சாட் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு மெசேஜ் போடுங்கள். சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.