ஏற்காடு ஏற்றமா, ஜிம் பாரமா, ஒற்றைக்காலா: நரம்பை எது எப்படி மாற்றும்?

சேலத்தில் இருப்பவருக்குக் கால்களைப் பழக்க மூன்று வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து ஏற்காடு சாலையில் ஏறி ஓடலாம், ஜிம்மில் பாரம் தூக்கலாம், மொட்டைமாடியில் ஒற்றைக்காலில் நிற்கலாம். மூன்றும் காலுக்குத்தான். ஆனால் தண்டுவடத்தில் மூன்றும் வேறு வேறு வேலை பார்க்கின்றன.

அதை அளக்க ஒரு பழைய முறை உண்டு. 1910-ல் ஜெர்மானியர் பால் ஹாஃப்மன் காட்டியது. முழங்காலின் பின்மடிப்பில் ஓடும் நரம்புக்கு 1 மில்லி விநாடி மின்துடிப்பு கொடுத்தால் கெண்டைக்கால் தசையில் இரண்டு அலைகள் தெரியும். நரம்பு வழியே நேராகத் தசைக்குப் போகும் எம் அலை சுமார் 5 மில்லி விநாடியில் வரும். தண்டுவடம் வரை போய்த் திரும்பும் எச் அலைக்குச் சுமார் 30 ஆகும். உச்ச எச் அலையை உச்ச எம் அலையால் வகுத்தால், அனிச்சைச் செயல் தசையை இயக்கும் நரம்பணுக்களில் எத்தனையைத் தட்டி எழுப்புகிறது என்று ஓரளவு தெரியும். தலையைத் திருப்பினாலும் பல்லைக் கடித்தாலும்கூட இந்த அளவு மாறிவிடும். படுத்தபடி எடுத்ததை நின்றபடி எடுத்ததோடு ஒப்பிடுவது வெட்டி வேலை.

ஏற்ற ஓட்டம் இந்த விகிதத்தைக் கூட்டும் பக்கம். தொலைதூர ஓட்டக்காரர்களுக்கு இது அதிகம், வெடிப்பு வேகத்துக்குப் பழகிய தாண்டுபவர்களுக்குக் குறைவு. பிறவி அமைப்பும் இதில் உண்டு என்றாலும், மூன்றே வாரத் தாங்குதிறன் பயிற்சியில் விகிதம் ஏறியதை அளந்திருக்கிறார்கள். வாரம் 3 நாள், பேச்சு முறியாத வேகத்தில் 30–40 நிமிடம் போதும். பஸ் ஓட்டம் கூடுமுன் விடியலில் முடித்துவிடுங்கள்.

பாரப் பயிற்சியின் கதை வேறு. சும்மா இருக்கும்போது எடுத்தால் எச் அலையில் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம். மாற்றம் தெரிவது முழு பலத்தோடு அழுத்தும்போதுதான். அந்த நேரம் நரம்புக்கு உச்ச மின்துடிப்பு கொடுத்தால், துடிப்பு கொடுத்த இடத்திலிருந்து இயக்க நரம்பில் மேலே ஏறும் துடிப்பும் மூளையிலிருந்து இறங்கும் கட்டளையும் வழியில் மோதி ஒன்றையொன்று அழிக்கும். அதனால் காலியான பாதையில் அனிச்சை அலை தசைக்கு வந்துசேரும். அதுதான் வி அலை. கட்டளை பலமாக இருந்தால் இந்த அலையும் பெரிதாகும். 14 வாரக் கனபாரப் பயிற்சிக்குப் பின் வி அலை சுமார் 50 சதவீதமும், அதே அழுத்தத்தில் எடுத்த எச் அலை சுமார் 20 சதவீதமும் கூடின. முதல் சில வாரங்களில் தொடை பருக்காமலே தட்டு கூடுவதற்கும் பெரும்பாலும் நரம்புதான் காரணம். ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தாலும் மறுகாலுக்குக் கொஞ்சம் பலம் ஏறும். மாவுக்கட்டுப் போட்டவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அளவு: ஒரே ஒருமுறை தூக்க முடிகிற எடையில் 80–85 சதவீதம், 4–6 முறை, 4 செட், நடுவில் 3 நிமிட ஓய்வு. எழும்போது வேகமாக எழ முயல வேண்டும். இலேசான தட்டைப் போட்டு முப்பது முறை ஆட்டுவது இதற்கு மாற்றாகாது.

ஒற்றைக்கால் நிலை நேர் எதிர்ப்பக்கம் இழுக்கிறது: எச் அலை சுருங்குகிறது. 1993-ல் டென்மார்க் ராயல் பாலே ஆட்டக்காரர்களை அளந்தபோது, நன்கு பழகிய விளையாட்டு வீரர்களைவிட அவர்களுக்கு எச் அலை சிறிதாக இருந்தது. உடல் ஆடும்போதெல்லாம் கெண்டைக்கால் வெடுக்கென்று இழுத்தால் ஆட்டம்தான் கூடும். அதனால் தண்டுவடம் அந்தச் செய்தியை வாசலிலேயே மட்டுப்படுத்தி, கட்டுப்பாட்டை மேலே, மூளையிடம் விடுகிறது. வெறுங்காலில் 30 விநாடி, காலுக்கு 4 முறை. ஆட்டம் குறைந்தபின் மடித்த துண்டின் மேல் நிற்கலாம், பிறகு கண் மூடி.

ஆகவே எச் அலை கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று எடைபோட முடியாது. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டியதைப் பார்த்துத் தாண்ட ஆசைப்படும் பையனை முதலில் மலை ஏற்றி ஓடவிடுவது தப்பு; அவனுக்குப் பாரம்தான். கால் பிசகிக்கொண்டே இருப்பவருக்கு ஒற்றைக்கால். மலை ஓட்டக்காரருக்கு ஏற்றத்தோடு வாரம் 2 நாள் பாரம்.

பஸ்ஸில் மேலே போய் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஓடுவதை மட்டும் முதல் வாரத்தில் தொட வேண்டாம். இறக்கத்தில் தொடை நீண்டபடியே பிரேக் போடுகிறது. வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொடும். களைத்த தசையில் இழுவை அனிச்சையும் மங்கும், பாதம் தரையில் தொப்பென்று விழும். அந்தக் காலோடு ஒற்றைக்கால் பயிற்சியும் செய்யாதீர்கள். அதை எப்போதும் நாளின் முதலில், கால் களைக்கும் முன் வையுங்கள்.