ஊர்வன அனுப்பும் பெட்டி, ஹீட் பேக், ஓவர்நைட் லேபிள்: பல பருவங்கள் பயன்படுத்திய பிறகு

அமெரிக்காவில் வளர்ப்புப் பாம்பையோ பல்லியையோ வேறு மாநிலத்துக்கு அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஏற்பாட்டைத்தான் நம்பியிருக்கிறார்கள்: முக்கால் அங்குல தெர்மாகோல் பலகை பதித்த அட்டைப்பெட்டி, 40 மணி நேரம் சூடு தரும் யூனிஹீட் ஹீட் பேக், மறுநாளே கொண்டுசேர்க்கும் ஃபெடெக்ஸ் பிரையாரிட்டி ஓவர்நைட் லேபிள். பால் (ball) பைத்தான், கார்ன் ஸ்நேக் என்ற பாம்புகள், லெப்பர்ட் கெக்கோ, கிரெஸ்டட் கெக்கோ என்ற பல்லிகள் எல்லாம் இப்படித்தான் போய்ச் சேருகின்றன. கோடையிலும் குளிரிலும் மாறி மாறிப் பயன்படுத்தியதில் கிடைத்த முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெட்டி நல்ல பொருள், பெரிய குறையில்லை. லேபிளின் தரம், பார்சலை எங்கே கொடுத்து எங்கே வாங்குகிறீர்கள் என்பதில் இருக்கிறது. பயந்து கையாள வேண்டியது ஹீட் பேக்கைத்தான். ஆரோக்கியமான ஒரு பால் பைத்தான் சில மணி நேரம் 60 டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது சுமார் 16 செல்சியஸில் கிடந்தால் மந்தமாகும், பிறகு தேறிவிடும். அதே பாம்பு 100 டிகிரிக்கு மேல், 38 செல்சியஸைத் தாண்டிக் கிடந்தால் தேறாது. குளிரை நினைத்து மட்டும் பேக் செய்கிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் விதிகள். அமெரிக்க அஞ்சல் துறையின் 52-ஆம் எண் வெளியீடு பல்லி, கெக்கோ, தவளை போன்ற சிறிய, தீங்கற்ற, குளிர் ரத்தப் பிராணிகளை அனுமதிக்கிறது. வழியில் உணவோ தண்ணீரோ தேவைப்படக் கூடாது, நாற்றம் வரக் கூடாது, கசியக் கூடாது. பாம்புக்கும் ஆமைக்கும் அங்கே அறவே இடமில்லை. விஷமில்லாத பாம்பாயிற்றே என்று வாதாடிப் பயனில்லை. யுபிஎஸ் கூரியரும் பாம்பை எடுக்காது. அதனால் பாம்பு என்றால் நடைமுறையில் ஃபெடெக்ஸ்தான். அங்கேயும் தனிநபர் கவுன்டரில் போய்ப் பணம் கட்டி உயிருள்ள பாம்பை அனுப்ப முடியாது. ஃபெடெக்ஸின் அனுமதி பெற்ற ஷிப் யுவர் ரெப்டைல்ஸ் போன்ற தளங்களில் கணக்குத் திறந்து, அவர்கள் வழியாக லேபிள் எடுக்க வேண்டும். அவர்கள் சொல்லும் வகைப் பெட்டியைத்தான் பயன்படுத்த வேண்டும். விஷப் பாம்பு இந்த வழியில் போகவே போகாது. அதற்கு விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு கார்கோ, சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் உயிருள்ள பிராணிகள் விதிப்படி பெட்டி என்று வேறு கதை.

‘வெப்பமண்டல மீன்’ என்று எழுதி ஒட்டினால் கவுன்டரில் கேள்வி வராது என்ற யோசனையை இன்னமும் சிலர் சொல்கிறார்கள். செய்யவே கூடாது. 1900-இல் வந்த லேசி சட்டத்தின்படி வன உயிரினத்துக்குப் பொய் லேபிள் ஒட்டுவது தனிக் குற்றம், அந்தப் பிராணியை வைத்திருப்பது சட்டப்படி சரியாகவே இருந்தாலும். பெட்டியின் வெளியே பொதுப் பெயர், அறிவியல் பெயர், எண்ணிக்கை, அனுப்புநர் பெறுநர் முகவரி இவை தெளிவாக இருக்க வேண்டும். ‘பால் பைத்தான், பைத்தான் ரீஜியஸ், 1, விஷமற்றது’ என்று ஒரு வரி எழுத அரை நிமிடம் ஆகாது.

கூரியர் நிறுவனம் எடுத்துக்கொள்வதும் மாநிலம் அனுமதிப்பதும் வேறு வேறு. ஹவாயில் வளர்ப்புப் பாம்புக்கு முழுத் தடை. ஜார்ஜியாவில் அந்த மண்ணின் விஷமற்ற பாம்புகளை வளர்க்க முடியாது என்பதால், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கார்ன் ஸ்நேக்கே அங்கே சட்ட விரோதம். புளோரிடா 2021-இல் டெகு, பச்சை இகுவானா என்ற பெரிய பல்லிகள் போன்றவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை வளர்ப்புக்கு விற்பதற்கு 1975 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது, காரணம் சால்மோனெல்லா. பெறுநரின் மாநிலச் சட்டத்தைப் பார்ப்பது அனுப்புகிறவரின் வேலையும்கூட.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் குறிப்புகள் அங்கே பொருந்தாது. நட்சத்திர ஆமை, உடும்பு இவற்றை வீட்டில் வைத்திருப்பதே 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இனி பெட்டி. ஆறு பக்கமும் தனித்தனித் தெர்மாகோல் பலகையாக வரும். குஞ்சுப் பாம்பு ஒன்றுக்கும், கெக்கோ ஒன்றிரண்டுக்கும் 12×9×6 அங்குலம் போதும். பெரிதாக எடுத்தால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், கட்டணம்தான் ஏறும். ஃபெடெக்ஸ் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 139-ஆல் வகுத்து வருவதை எடையாக எடுத்துக்கொள்ளும். 12×9×6 பெட்டி 5 பவுண்டாகக் கணக்காகும். 12 அங்குலச் சதுரப் பெட்டி 13 பவுண்டு. உள்ளே இருப்பது 70 கிராம் பாம்பாக இருந்தாலும் அதேதான். ஆனால் குளிர்காலத்தில் மிகச் சிறிய 7 அங்குலப் பெட்டியையும் தவிர்ப்பது நல்லது. பேக்குக்கும் பிராணிக்கும் நடுவே இடம் விட முடியாது.

மறுபடி மறுபடி பயன்படுத்தும்போது முதலில் கெடுவது பலகையின் முனை. மூலையில் மணி மணியாக உதிர்ந்து, இரண்டு பலகை சேரும் இடத்தில் வெளிச்சம் தெரிய ஆரம்பிக்கும். பெட்டியை மூடி உள்ளே ஒரு டார்ச்சை எரியவிட்டு இருட்டில் பார்த்தால் எந்த மூலை என்று தெரிந்துவிடும். அந்தப் பலகையை மாற்றுங்கள். டேப் ஒட்டி ஒப்பேற்றினால் குளிரில் டேப் உரிந்துவிடுகிறது. அட்டை நமத்துப்போயிருந்தால் பெட்டியையே மாற்ற வேண்டும், மேலே மற்ற பார்சல்கள் அடுக்கப்படும். பழைய பார்கோடு ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது. வரிசைப்படுத்தும் இயந்திரம் அதைப் படித்துவிட்டால் பார்சல் வேறு ஊருக்குப் போகும்.

பிராணியை வைக்கும் டெலி கப்பில், அதாவது மூடி போட்ட பிளாஸ்டிக் கிண்ணத்தில், கண்ணாடி மாதிரிப் பளிச்சென்று இருக்கும் பாலிஸ்டைரீன் வகையை வாங்காதீர்கள், குளிரில் விரிசல் விடும். லேசாகப் பால் நிறத்தில் வளைந்து கொடுக்கும் பாலிப்ரொப்பிலீன் கப்தான் தாங்குகிறது. கெக்கோவுக்கு 16 அவுன்ஸ், குஞ்சுப் பாம்புக்கு 32 அவுன்ஸ். துளைகளைச் சால்டரிங் அயர்ன் முனையால் உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும். வெளியிலிருந்து குத்தினால் உருகிய பிளாஸ்டிக் உள்பக்கம் முள்ளாக இறுகி, துளையைத் தேடி மூக்கை உரசும் பாம்பின் மூக்கைக் கிழித்துவிடும். ஒரு கப்பில் ஒரே பிராணி. லெப்பர்ட் கெக்கோவுக்குக் காய்ந்த பேப்பர் டவல் போதும். கிரெஸ்டட் கெக்கோவுக்கு நனைத்து நன்றாகப் பிழிந்த டவல், கப்பைத் தளர்வாக நிரப்பும் அளவுக்கு. கப் ஆடினால் அது பயத்தில் வாலை உதிர்த்துவிடும், லெப்பர்டைப் போல அதற்கு வால் மறுபடி வளராது. மூடியைச் சுற்றியும் குறுக்காகவும் டேப் போடுங்கள். மூடி தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம்.

பெரிய பாம்புக்குத் துணிப்பை. தையல் இரட்டையாக இருக்க வேண்டும். பையை உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள், உதிரும் நூல் வெளியே வந்துவிடும். உள்ளே நூல் இருந்தால் பாம்பின் உடலிலோ வாலிலோ சுற்றி இறுகும். வாயை முறுக்கி முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு மேலே ஒரு ஜிப் டை. பாம்பு முடிச்சுக்குக் கீழேதான் இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்த பிறகே இழுக்க வேண்டும்.

வயிறு காலியாக இருப்பது அவசியம். பாம்பு என்றால் கடைசி இரையிலிருந்து குறைந்தது ஒரு வாரம், பெரிய பாம்புக்குப் பத்து நாள். கெக்கோவுக்கு இரண்டு மூன்று நாள். அரைகுறையாகச் செரித்த எலியோடு அனுப்பினால் குளிரில் செரிமானம் நின்று, வழியிலேயே கக்கிவிடும். மூடிய கப்பில் அது உயிருக்கே ஆபத்து.

ஹீட் பேக்குக்கு வருவோம். உள்ளே இருப்பது இரும்புத் தூள். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது சூடு வருகிறது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிப் பிழைகள் வராது. உறையைப் பிரித்து, குலுக்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வெளியே வைத்து, சூடு பிடித்த பிறகே பெட்டிக்குள் வைக்க வேண்டும். பிரித்த உடனே உள்ளே போட்டு எல்லா இணைப்பிலும் டேப் ஒட்டினால் காற்றில்லாமல் அது தூங்கிவிடும். பெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் பேக் இருக்கும் உயரத்தில் பென்சில் தடிமனில் ஒவ்வொரு துளை, அட்டையையும் தெர்மாகோலையும் சேர்த்து. மேல்பக்கத்தில் துளை போட்டால் அடுத்த பார்சல் மேலே உட்கார்ந்து அடைத்துவிடும்.

பேக்கின் இடம் மூடியின் உள்பக்கம். நான்கு விளிம்பில் மட்டும் டேப், நடுவில் காற்று புகும் பகுதியை மூடாமல். அதற்குக் கீழே கசக்கிய செய்தித்தாள் ஒரு அடுக்கு, அதற்கும் கீழே கப். அடியில் வைத்தால் சூடு நேராகக் கப்புக்குள் ஏறும், பிராணிக்கு விலக இடமில்லை. மேலே உள்ள பாரத்தில் பேக்குக்குக் காற்றும் கிடைக்காது. 72 மணி நேரப் பேக்கை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஓவர்நைட் பார்சலுக்கு வைப்பவர்கள் உண்டு. ஒரு இரவுப் பயணத்துக்கு, ஒரு நாள் தாமதத்தையும் சேர்த்தே, 40 மணி நேரம் போதும். ஒரு சிறிய பெட்டியில் இரண்டு பேக் வைப்பது எந்தக் குளிரிலும் தவறு. அவ்வளவு குளிர் என்றால் அனுப்பாதீர்கள்.

எப்போது பேக் வைப்பது? பொதுவாக 70 பாரன்ஹீட்டுக்குக் கீழே என்பார்கள். எங்கள் கருத்தில் 60-க்குக் கீழே போனால் வைக்கலாம். 60-க்கும் 70-க்கும் நடுவே என்றால் பெறும் ஊரின் பகல் வெயிலைப் பார்த்து முடிவெடுங்கள். ஒஹாயோவில் இரவு 50, அரிசோனாவில் மறுநாள் பகல் 90 என்றால் பேக் வேண்டாம். அந்தப் பகலில்தான் பெட்டி வேனுக்குள் இருக்கும். புறப்படும் ஊர், சேரும் ஊர், நடுவில் பார்சல்கள் இரவில் இறங்கி ஏறும் மெம்ஃபிஸ் மையம், மூன்றின் வானிலையும் பாருங்கள். எங்காவது 40-க்குக் கீழேயோ 100-க்கு மேலேயோ என்றால் தள்ளிப்போடுங்கள். கிரெஸ்டட் கெக்கோவுக்கு மேல் எல்லையை 85 என்றே வைத்துக்கொள்ளுங்கள், 29 செல்சியஸைத் தாண்டிய சூடு அதற்கு ஆகாது.

பேக்கைச் சேமிப்பதிலும் கவனம் தேவை. பிரிக்காத உறையை விரலால் அழுத்தினால் மணல் போல நகர வேண்டும். கட்டி கட்டியாக இருந்தால் உறை எங்கோ கசிந்து ஏற்கெனவே பாதி எரிந்துவிட்டது.

கோடைக்கு ஐஸ் ஜெல் பேக் சரிவராது. தொடும் இடத்தில் அதிகக் குளிர், வியர்த்து ஈரம், சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். ஃபேஸ் 22 பேக் 22 செல்சியஸில் உருகி உறைவது. சுற்றிலும் சூடேறினால் உருகிக்கொண்டே அந்த வெப்பத்தை உறிஞ்சும். கோடையில் இதை ஃபிரிட்ஜில் வைத்து முழுக்கக் கெட்டியாக்கி, பிறகு அறை வெப்பத்துக்குச் சற்றே பக்கமாக வரவிட்டு வைக்க வேண்டும். கெட்டியாக்காமல் வைத்தால் அது வெறும் பாரம்தான். விலை அதிகம், ஆனால் திரும்பத் திரும்பப் பயன்படும். இந்த ஏற்பாட்டிலேயே மனம் நிறைந்து பரிந்துரைக்கக்கூடிய பொருள் இதுதான்.

கிழமையும் இடமும் பெட்டியைவிட முக்கியம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பியது தாமதமானால் வாரக் கடைசி முழுக்கக் கிடங்கில் கிடக்கும். விடுமுறைக்கு முந்தைய நாளும் அப்படியே. ஃபெடெக்ஸின் சொந்த ஷிப் சென்டரில், அன்றைய கடைசி நேரத்துக்குச் சற்று முன்னதாகக் கொடுங்கள். காலையிலேயே கொடுத்தால் பல மணி நேரம் வீணாக அங்கே இருக்கும். பெறுநரும் அப்படியொரு ஷிப் சென்டரில் ‘ஹோல்ட்’ போட்டு, அதாவது பார்சலை அங்கேயே வைத்திருக்கச் சொல்லி, போய் வாங்குவது நல்லது. வீட்டு வாசல் டெலிவரி என்றால் பெட்டி வேனில் மதியம் வரை சுற்றும். மருந்துக் கடைக்குள் இருக்கும் பார்சல் கவுன்டர்களை ஹோல்டுக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே பார்சல் வருவதும் வேன் சுற்றில்தான்.

பெறுகிறவர் கவுன்டரை விட்டு நகர்ந்ததும் காரிலேயே திறந்து பார்க்கலாம். மூடிய பெட்டியையும், திறப்பதையும் வீடியோ எடுங்கள். உயிரோடு சேரும் உத்தரவாதத்தை விற்பவர் கொடுத்திருந்தால், பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லச் சொல்வார்கள். பிராணி குளிர்ந்து அசையாமல் இருந்தால் சூட்டுப் பாயில் வைக்காதீர்கள். அறை வெப்பத்தில் மெல்லத் தேறவிட்டு, பிறகு கூண்டுக்கு மாற்றி, தண்ணீர் மட்டும் வையுங்கள். பாம்புக்கு ஒரு வாரம் இரை வேண்டாம். மற்ற பிராணிகளிலிருந்து இரண்டு மூன்று மாதம் தனி அறை, உண்ணி இருக்கிறதா என்று பார்க்க அடியில் வெள்ளை பேப்பர் டவல்.

வந்த ஹீட் பேக்கை உடனே குப்பையில் போடாமல் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, ஆறிப்போய் இருந்தால் முழுக்க எரிந்து முடிந்திருக்கிறது. ஆறியிருந்தும் உள்ளே தூள் தளர்வாக நகர்ந்து, வெளியே வைத்த கொஞ்ச நேரத்தில் சூடு ஏறினால், வழி முழுக்க அதற்குக் காற்றே கிடைக்கவில்லை. அதை அனுப்பியவருக்குச் சொல்லுங்கள், அடுத்த பெட்டியில் அவர் துளையைச் சரியான இடத்தில் போடுவார்.