வியன்னாவா, சால்ஸ்பர்க்கா? பதின்ம வயதுப் பிள்ளைகளோடு மூன்று நாள்

ஆஸ்திரியாவைப் பார்க்கக் கையில் மூன்று நாள்தான், கூடவே பதினான்கு, பதினாறு வயதுப் பிள்ளைகள் என்றால் நான் சால்ஸ்பர்க்கைத்தான் சொல்வேன்.

வியன்னாவில் பார்க்க நிறைய இருக்கிறது. பிராட்டர் பூங்காவில் 1897-இல் எழுந்த ராட்சத ராட்டினம், ஷோன்புருன் அரண்மனை. கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே இல்லை; நல்ல மிச்சம். ஆனால் ஊர் பெரிது. மூன்றாவது அரண்மனை, நாலாவது அருங்காட்சியகம் என்று போனால் பிள்ளைகளின் முகம் சுண்டிவிடும்.

சால்ஸ்பர்க்கின் பழைய நகரம் நடந்தே சுற்றும் அளவுதான். பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் தனியாகச் சுற்றிவர விடலாம். அந்த வயதில் அவர்களுக்கு வேண்டியதும் அதுதானே. மலைக்கோட்டைக்கு 1892 முதல் கயிற்று ரயில் ஓடுகிறது. ஹெல்ப்ருன் தோட்டத்தின் 400 ஆண்டுப் பழைய நீரூற்றுகள் எதிர்பாராத இடத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சும், மாற்றுடை அவசியம். குளிர்காலத்தில் அவை ஓடாது. அப்புறம் பக்கத்து ஹல்லைன் உப்புச் சுரங்கம்: மரச் சறுக்கில் வழுக்கி இறங்க வேண்டும். சிணுங்கிக்கொண்டே வந்த பிள்ளைகூட இன்னொரு முறை கேட்கும்.

குறை என்றால் மழைதான், பிடித்தால் விடாது. மூன்று நாளும் மழை என்று முன்னறிவிப்பு வந்தால் வியன்னாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம்.