கோல்ட் 1860, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் முதல் மாடல்: ஒரு துளைக்காகப் பன்னிரண்டு வருடச் சண்டை

இரண்டு ரிவால்வர்களின் சிலிண்டர்களையும், அதாவது குண்டு வைக்கும் அறைகள் கொண்ட சுற்றும் உருளைகளையும், கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் விஷயம் பாதி புரிந்துவிடும். கோல்ட் 1860 ஆர்மியின் சிலிண்டரில் ஆறு அறைகள், ஆறுக்கும் பின்பக்கம் அடைப்பு. ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துவாரத்தில்தான் ஒளி தெரியும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1857-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மாடலில் ஏழு அறைகள், ஏழிலும் மறுபக்கம் பளிச்சென்று தெரியும். பின்பக்கம் திறந்த அந்தத் துளைக்குத்தான் அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்கள் கோர்ட்டுக்கு நடந்தார்கள்.

அடைத்த அறை என்றால் எல்லாமே முன்பக்கமாகப் போக வேண்டும். கோல்ட்டின் குதிரையை, அதாவது பின்னால் இருக்கும் அடிக்கும் சுத்தியலை, பாதி இழுத்து நிறுத்தி, அறைக்குள் கருமருந்தைக் கொட்ட வேண்டும். அதன்மேல் ஈயக்குண்டு. குண்டு அறையைவிட ஒரு மயிரிழை பெரியது, கையால் உள்ளே போகாது. குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலை மடக்கி அழுத்தினால், ஓரத்து ஈயம் மெல்லிய வளையமாகச் சீவப்பட்டு வெளியே விழும். குண்டு இறுகி உட்காரும். ஒரு அறையின் தீ பக்கத்து அறைக்குத் தாவாமல் இருக்க மேலே கொழுப்பு தடவுவார்கள். அப்புறம் பின்பக்கம் ஒவ்வொரு முனைக்கும் ஒரு செப்புக் கேப்பு மாட்ட வேண்டும். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் கேப்புக்கு அண்ணன் மாதிரி. இதை ஆறு முறை செய்ய வேண்டும், ஓடும் குதிரையின் முதுகில் உட்கார்ந்துகொண்டு, மழையிலும். மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சேர்த்துச் சுருட்டிய தோட்டா வந்த பிறகு வேலை கொஞ்சம் குறைந்தது. ஆனால் கேப்பு மாட்டும் வேலை போகவில்லை. வெடித்த கேப்பின் துணுக்கு உள்ளே விழுந்து சிலிண்டர் சுற்றாமல் நிற்பதும் போகவில்லை.

முதல் மாடலில் இந்தப் பாடு எதுவும் கிடையாது. கீழே இருக்கும் கொக்கியை அழுத்தினால் குழல் மேல்பக்கமாகத் தூக்கிக்கொள்ளும், சிலிண்டர் கையோடு வந்துவிடும். குழலுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் குத்தி வெற்றுக் கூடுகளைத் தள்ளிவிட்டு, ஏழு புதுத் தோட்டாக்களைப் பின்பக்கமாகப் போட்டு மூடினால் போதும். மருந்து, குண்டு, தீ மூன்றும் ஒரே செப்புக் கூட்டுக்குள். நனையாது, சிந்தாது.

சரி, அப்படியானால் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படை ஏன் கோல்ட் 1860-ஐ ஒரு லட்சத்துக்கும் மேல் வாங்கியது? குண்டு தரும் அடியின் பலத்தில்தான் வித்தியாசம். கோல்ட்டின் .44 குண்டு (இந்த எண் அங்குலக் கணக்கில் குண்டின் குறுக்களவு) சுமார் 9 கிராம். முதல் மாடலின் .22 குண்டு 2 கிராம்கூட வராது. அதைத் தள்ளும் மருந்தோ ஒரு சிட்டிகை. எதிரே வாளோடு வருபவனை நிறுத்த அது போதாது. 1861-இல் வந்த .32 மாடலைப் படையினர் பலர் சொந்தக் காசில் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். அதுவும் துணைக்குத்தான் ஆகும். உயிரை நம்பி ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் கோல்ட்டைத்தான் எடுப்பேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யோசனை என்று பார்த்தால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஒரு தலைமுறை முன்னால் நிற்கிறது.

அந்த யோசனையைப் பெரிய துப்பாக்கியில் வைக்க வேண்டியதுதானே? அங்கேதான் காப்புரிமை குறுக்கே நின்றது.

இதை ஆரம்பித்து வைத்தவர் சாமுவேல் கோல்ட். சுழலும் துப்பாக்கிக்கு 1836-இல் வாங்கிய காப்புரிமையை 1857 வரை நீட்டிக்கொண்டார். 1851-இல் மாசசூசெட்ஸ் ஆர்ம்ஸ் கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுத்து ஜெயித்ததும் மற்றவர்கள் அடங்கிப்போனார்கள். அவர் கெடு முடியட்டும் என்று காத்திருந்த ஹொரஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும் அதே 1857-இல் இறங்கினார்கள், கையில் வேறொரு காப்புரிமையோடு. சிலிண்டரை முன்னும் பின்னும் திறந்து துளைப்பதற்கு 1855 ஏப்ரலில் ரோலின் வைட் வாங்கியது அது. வைட் முன்பு கோல்ட் தொழிற்சாலையிலேயே வேலை செய்தவர். அவர் வரைந்த துப்பாக்கி உருப்படியாகச் சுடக்கூடியதே அல்ல. ஆனால் அந்த ஒரு துளை போதுமானதாக இருந்தது. துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் ராயல்டி, வழக்கு வந்தால் நடத்துவது வைட்டின் பொறுப்பு என்று ஒப்பந்தம். இந்த இரண்டாவது நிபந்தனையை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கஷ்டப்படுகிறது. வந்த பணத்தின் பெரும்பகுதி வக்கீல்களுக்கே போனது.

துளை போட்டு மாட்டிக்கொண்ட மூர், பாண்ட் போன்ற மற்றத் தயாரிப்பாளர்களின் துப்பாக்கிகளில் 'ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்காகச் செய்தது' என்று முத்திரை விழுந்தது. மூர் பிறகு முன்பக்கமாகவே நுழைக்கும் விநோதத் தோட்டா ஒன்றைக் கொண்டுவந்தார். 1868-இல் கோல்ட் கம்பெனியும் அதே போல் சுற்றிவளைத்து ஒரு வழி தேடியது.

செப்புக்கூடு பெரிய மருந்தைத் தாங்காது, அதனால்தான் சின்னத் துப்பாக்கி என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. முதல் மாடலிலேயே கூடு பின்பக்கம் உப்பிச் சிலிண்டரை இறுக்கும். ஆனால் அதே போரில் ஸ்பென்சர் துப்பாக்கி .56 செப்புக்கூட்டுத் தோட்டாவைச் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. ரிவால்வரில் முயன்று பார்க்க மற்றவர்களுக்கு அனுமதி இல்லை என்பதே என் கணக்கு.

வைட்டின் காப்புரிமை 1869 ஏப்ரலில் முடிந்தது. நீட்டிக்க வழிசெய்யும் மசோதா காங்கிரசில் நிறைவேறியும், 1870 ஜனவரியில் ஜனாதிபதி கிராண்ட் அதைத் தடுத்தார். இந்தக் காப்புரிமையால் போர்க்காலத்தில் அரசு பட்ட சிரமத்தைப் படைக்கலத் துறைத் தலைவர் டையர் எழுதிக் காட்டியிருந்தார். போர்க்களத்தில் படை நடத்தியவர் கிராண்ட். அவருக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

அதே ஆண்டு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .44 அளவில் மூன்றாம் மாடலைக் கொண்டுவந்தது. மடக்கித் திறந்தால் எல்லா வெற்றுக் கூடுகளும் ஒரே மூச்சில் வெளியே வரும். ராணுவம் 1,000 வாங்கியது. 1873-இல் கோல்ட்டின் .45 சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி ராணுவத்துக்குள் வந்தது. அதன் சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஆறு அறைகளிலும் மறுபக்கம் தெரியும்.