கீழக்குயில்குடி சமணர் மலை: பேச்சிப்பள்ளத்தோடு திரும்பிவிடாதீர்கள்

மதுரையிலேயே பிறந்து வளர்ந்தும் போன மாதம்தான் முதல்முறை போனேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டை பக்கம் பிரிந்தால் கீழக்குயில்குடி. ஊரை ஒட்டித் தாமரைக் குளம், வயதான ஆலமரங்கள், அடிவாரத்தில் கருப்பசாமி கோயில், அதன் முதுகில் மொட்டைப் பாறையாக மலை. டிக்கெட் எதுவும் கேட்கவில்லை.

முட்டிவலிக்கார அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். பாறையில் வெட்டிய படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, நின்று நின்று ஏறியும் அரை மணி நேரத்துக்குள் பேச்சிப்பள்ளம் வந்துவிட்டோம். அங்கே ஒரு சுனை, அதன் மேலே பாறையில் வரிசையாகச் சமணர்கள் வணங்கும் பெரியோரின் எட்டுப் புடைப்புச் சிற்பங்கள்: பாம்புப் படம் விரித்த பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி, மகாவீரர். அவற்றின் கீழே யார் செய்து வைத்தது என்று வட்டெழுத்தில் (பழைய தமிழ் எழுத்து) வெட்டியிருக்கிறார்கள், ஆயிரம் வருடத்துக்கு மேல் பழசு. ஒன்றில், அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்தது என்று இருக்கிறது. (ஆனைமலை, அரிட்டாபட்டிப் பாறைகளிலும் வருகிற அதே அச்சணந்தி.) வட்டெழுத்து எனக்குத் தெரியாது, வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போன தாளைப் பார்த்துத்தான் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம், "மகன் சாமியாராப் போயிட்டான், இவ செலவு பண்ணி சாமி செஞ்சு வச்சிருக்கா பாரு" என்றார்.

அதற்கும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் மிச்சம், பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்துக் கட்டடம்.

முக்கால்வாசிப் பேர் இதோடு இறங்கி வண்டியை எடுத்துவிடுகிறார்கள். செட்டிப்புடவு என்ற குகை தென்மேற்குச் சரிவில் இருக்கிறது, அதற்கு வேறு வழி, விசாரித்துத்தான் போகவேண்டும். குகை வாசலில் பெரிய மகாவீரர், ஊர்க்காரர்களுக்கு அவர் செட்டியார், பெயர் வந்ததே அப்படித்தான். ஆனால் நான் நின்றுவிட்டது உள்ளே. தலைக்கு மேல் வளைகிற பாறையில் சிங்கத்தின் மேல் ஒரு பெண் வில்லை வளைக்கிறாள், எதிரே யானை மேல் வாளும் கேடயமுமாக ஒருவன். உள்ளங்கை அகலத்துக்கு அந்தச் சிங்கத்தின் முகத்தை மட்டும் பாருங்கள், என்ன ஆத்திரம்!

குறைகள் உண்டு. ஏறினால் நிழலே கிடையாது, ஒன்பது மணிக்கே பாறை கொதிக்கிறது, காலை ஆறரைக்குப் போய்விடுங்கள். கழிவறைக்கு வழியில்லை, வீட்டிலேயே முடித்துவிட்டு வருவது நல்லது. பாறையில் காதலர் பெயரைக் கிறுக்கி வைத்திருப்பவர்களை என்ன சொல்ல, குணமதியாராவது மகனுக்காகச் செய்தார். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர் கையோடு, தின்பண்டப் பை மட்டும் வேண்டாம், குரங்கு பிடுங்கிவிடும்.

ஐந்துக்கு நாலரை. அம்மா செட்டிப்புடவுக்கு வரவில்லை, குளத்துப் படியில் உட்கார்ந்துகொண்டார். போட்டோவில் காட்டினேன், "அடுத்த வாரம் கூட்டிட்டுப் போ, மெதுவா ஏறிக்கிறேன்" என்கிறார்.