ஒன்டா: ஆளில்லாமல் இடிக்கும் உலக்கை

தம்பி ஃபுகுவோகாவில் வேலை. போன வருசம் அவனிடம் போனபோது, "அக்கா, சட்டிபானை செய்யிற ஊர் ஒன்று இருக்கு, வாறீங்களா?" என்றான். கிளிநொச்சியில், இரணைமடுக் களிமண்ணில் செய்த சட்டியில் சமைத்து வளர்ந்தவளுக்கு இதைப் பார்க்க ஜப்பானா என்று நினைத்துக்கொண்டுதான் காரில் ஏறினேன்.

ஒய்ட்டா மாகாணம், ஹிட்டா நகரத்துக்கு மேலே மலைக்குள் இருக்கிறது ஒன்டா. காரை விட்டு இறங்கியதுமே 'டொங்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பெரிய மரக்குற்றியின் ஒரு நுனியைக் குடைந்து ஓடைக்குக் குறுக்கே வைத்திருக்கிறார்கள், அந்தக் குழிக்குள் தண்ணீர் நிரம்பி அது சாய்ந்து கொட்டியதும் மற்ற நுனி விழுந்து மண்ணை இடிக்கிறது. கல்லுப்போல இருக்கும் மண் மாவாக இருபது முப்பது நாள் எடுக்குமாம். எங்கள் அம்மம்மா மா இடிக்கிற தாளம்தான், ஆனால் இது களைக்காது, இராத்திரியும் நிற்காது. நான் அரை மணித்தியாலம் அதிலேயே நின்றுவிட்டேன், தம்பிக்குப் பொறுமை போய்விட்டது.

1705இல் தொடங்கிய தொழில். இப்போதும் ஒன்பது பத்துக் குடும்பங்கள்தான், வெளியாட்களைப் பழக்குவதில்லை, தகப்பனிடமிருந்து மகனுக்குத்தான். காலால் உதைத்துச் சுற்றும் சக்கரம், சரிவில் படிப்படியாக ஏறும் விறகுச் சூளை. சுற்றுகிற தட்டில் வளையும் இரும்புத் தகடொன்றைப் பிடிக்க, அது துள்ளித் துள்ளி வரிவரியாகக் கொத்திக்கொண்டு போகிறது. அரிசி சிந்தினமாதிரி இருக்கும் அந்த வரிக்காகவே ஒரு தட்டு வாங்கலாம். 1995இல் அரசாங்கம் இதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

குறை? அங்கே பொழுதுபோக்க வேறொன்றும் இல்லை. ஒரு தெரு, அவ்வளவுதான். பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ஒரு மணித்தியாலத்தில் நச்சரிப்பார்கள். சாமான் கனம் வேறு. நான் வாங்கிய மூன்றில் ஒன்றை விமானத்தில் உடைத்துத் தந்தார்கள், உடுப்புக்குள் சுற்றி வைத்த இரண்டும்தான் கிளிநொச்சி வந்து சேர்ந்தன.

வந்து சேர்ந்ததில் ஒன்றான கிண்ணத்தை அம்மாவிடம் தயிர் உறைய வைக்கக் கொடுத்தேன். தட்டிப் பார்த்தா, விரலால் தடவினா. "வடிவாத்தான் இருக்கு பிள்ளை, ஆனா மேல கண்ணாடி பூசியிருக்கு. தண்ணி உறிஞ்சாது, தயிர் கட்டியா வராது" என்று திருப்பித் தந்துவிட்டா. இப்போது அதில் சம்பல் போடுகிறோம்.