வண்ணாரப்பேட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வணிகச் சட்ட வகுப்பு: மூன்று மாதம் போய்ப் படித்த பிறகு

தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் பி.காம் படிக்கிற தம்பி தங்கைகள் இந்த வகுப்பைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை. எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில், துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஞாயிறு காலை 7 மணி முதல் 10 மணி வரை, மூன்று மாதத்துக்கு 4,500 ரூபாய். நடத்துகிறவர் சிட்டி சிவில் கோர்ட்டில் பிராக்டிஸ் பண்ணுகிற வக்கீல்.

இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் ஒரு வருடம் டியூஷன் போனேன். அங்கே முழுக்க டிக்டேஷன்தான். 'சட்டத்தால் செயல்படுத்தக்கூடிய உடன்பாடே ஒப்பந்தம்', இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 2(எச்), என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் எங்கள் அப்பா கடையில் சரக்குப் போடுகிறவரோடு வாயால் பேசி முடிக்கிறாரே, அது ஒப்பந்தமா இல்லையா என்று கேட்டால் பதில் வராது. (ஒப்பந்தம்தான். எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் எல்லாவற்றுக்கும் கேட்பதில்லை.)

இங்கே முதல் நாள் சார் நோட்ஸே கொடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கசங்கிய பில்லை எடுத்து முன் பெஞ்சில் வைத்தார். எதிர்க்கடையில் பனியன் வாங்கிய பில். அடியில் ரப்பர் ஸ்டாம்பில் ஊதா மையில், 'விற்ற சரக்கு வாபஸ் வாங்கப்பட மாட்டாது'. "இது செல்லுமா?" என்று கேட்டார். முப்பது பேரும் செல்லும் என்றோம், பில்லில் போட்டிருக்கிறதே, பார்த்துத்தானே வாங்கினோம் என்று. அவர் அவசரப்படவில்லை. யார் முனைவு கொடுத்தது (விற்கிறேன் அல்லது வாங்குகிறேன் என்று முதலில் முன்வந்தது), எந்த நிமிடத்தில் ஏற்பு நடந்தது, பணம் கொடுத்த பிறகு கைக்கு வருகிற பில்லில் இருக்கிற வரியை நீங்கள் எப்போது ஒப்புக்கொண்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். அப்புறம்தான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ஐ எடுத்தார். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று அதில் இருக்கிறது. கலர் பிடிக்கவில்லை என்பதற்கு இது பொருந்தாது. கிழிந்த பனியனுக்குப் பொருந்தும், ஸ்டாம்பில் என்ன அடித்திருந்தாலும்.

எங்கள் கடை பில்லிலும் அதே வரி இருக்கிறது. அன்றைக்கு மதியம் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். முதலில் கோபப்பட்டார், "தாத்தா காலத்துலேர்ந்து இருக்குடா" என்றார். ரெண்டு நாள் கழித்து அவராகவே, அடுத்த பில் புக் அடிக்கும்போது அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். என் படிப்பால் எங்கள் கடையில் மாறிய முதல் விஷயம் அது.

என்னைக் கேட்டால் இந்த வகுப்பின் உயிர் நான்காவது வாரம்தான். கடன். நம்ம ஏரியாவில் புரோ நோட்டு (கடனைத் திருப்பித் தருவேன் என்று கையெழுத்துப் போட்ட சீட்டு) எழுதிக் கொடுக்காத வீடு எது? பணம் வரவில்லையென்றால் உடனே "கேஸ் போட்டு உள்ளே தள்ளுவேன்" என்போம். கடனைத் திருப்பித் தராதது மட்டுமே குற்றம் ஆகாது, அது சிவில் வழக்கு, அதில் கேட்பது பணத்தைத்தான் என்று சார் சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை. செக் கொடுத்து அது திரும்பினால் மட்டும் கதை வேறு. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, பிரிவு 138. பேங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தரவில்லையென்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த 30, 15, ஒரு மாதம் என்கிற கணக்கை நான் இப்போது பரீட்சைக்காக ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

புரோ நோட்டை வைத்து வழக்குப் போட 3 வருடம்தான் கெடு. அதற்குள் கொஞ்சமாவது பணம் வாங்கி, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதி, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 வருடம். என் பெரியம்மா இது தெரியாமல்தான் 40,000 ரூபாயை விட்டார். மாதாமாதம் 500, 1,000 என்று வந்துகொண்டிருந்தது, அதனால் நோட்டு உயிரோடு இருக்கிறது என்று நினைத்தார், ஆனால் பின்பக்கம் ஒரு வரி கூட எழுதி வாங்கவில்லை.

சார் அங்கேயே நிறுத்திவிட்டு, "மூணு வருஷம் தாண்டிடுச்சு, கோர்ட்டு கேக்காது. அப்போ கடன் தீர்ந்துடுச்சா?" என்று கேட்டார். அரைமணி நேரம் சண்டை. தீர்ந்தது என்று ஒரு பக்கம், மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது என்று இன்னொரு பக்கம். அப்பா விசைப்படகில் போகிற ஒரு பொண்ணு மட்டும், "சட்டம் கதவைத்தான் மூடிச்சு சார், கடனை அழிக்கலை" என்றாள். சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் பார்க்கிறது. காலாவதியான கடனைத் தருகிறேன் என்று கடன்காரர் மறுபடி எழுதிக் கையெழுத்துப் போட்டால், புதிதாக மறுபயன் (வாக்குக்குப் பதிலாகக் கிடைக்கும் பலன்) எதுவும் இல்லாமலே அது செல்லும், ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25(3). வணிக நெறிமுறை என்று புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்ததை விட அந்த அரைமணி நேரம் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது.

கோர்ட்டுக்கும் ஒரு நாள் கூட்டிப் போனார். வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் மண்ணடி தாண்டினால் உயர் நீதிமன்றம், ரெண்டாவது ஸ்டேஷன். சிட்டி சிவில் கோர்ட் அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. சினிமாவில் பார்க்கிற மாதிரி கத்தல் எதுவும் இல்லை. டவாலி பெயரைக் கூப்பிடுகிறார், ஒரு வக்கீல் எழுந்து வாய்தா கேட்கிறார், அடுத்த பெயர். சுவர் ஓரமாக ஒரு வயதான அம்மா மஞ்சள் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். வாதி, பிரதிவாதி என்று நோட்டில் எழுதிய சொற்களுக்கு அன்றைக்குத்தான் முகம் கிடைத்தது.

வெளியே வந்து ஒரு மரத்தடியில் நின்று, உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தபடி சின்னையா எதிர் ராமையா வழக்கை நடத்தினார். 1882-இல் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, கட்டடமே 1892-இல்தான் திறந்தது. ஒரு மூதாட்டி மகளுக்குச் சொத்து எழுதிக் கொடுக்கிறார், தன் உடன்பிறப்புக்கு நீ வருடா வருடம் பணம் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. மகளும் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கிறார். பின்னால் அந்த உடன்பிறப்பிடம் மகள், நீங்கள் எனக்கு எதுவும் தரவில்லையே, நான் ஏன் தர வேண்டும் என்கிறார். மறுபயன் வேறொருவரிடமிருந்து வந்திருந்தாலும் போதும், பணத்தைக் கொடு என்றது கோர்ட். மறுபயனைப் பற்றி எனக்கு இருந்த குழப்பம் அந்த மரத்தடியில் தீர்ந்தது.

சரி, குறைகள். ஜெராக்ஸ் நோட்ஸ் ரொம்பப் பழசு. வாயால் 2019 சட்டத்தை நடத்துகிறார், நோட்ஸில் 1986 சட்டம் இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் மன்றம் 20 லட்சம் வரையான வழக்கை விசாரிக்கலாம் என்று. இப்போது மாவட்ட ஆணையம் 50 லட்சம் வரை, மாநில ஆணையம் 2 கோடி வரை, அதற்கு மேல் தேசிய ஆணையம். நோட்ஸை மட்டும் நம்பி எழுதினால் மார்க் போய்விடும். சாரிடமே சொன்னேன், மாற்றுகிறேன் என்றார், நான் முடிக்கும் வரை மாற்றவில்லை.

கூட்டாண்மையை ஒரே வாரத்தில் ஓட்டிவிட்டார். அண்ணன் தம்பி சேர்ந்து கடை நடத்துகிற ஊர் இது. பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தன் ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது என்கிற பிரிவு 69-க்கு மட்டுமே ரெண்டு வாரம் தந்திருக்கலாம். கம்பெனிச் சட்டமும் அவசரம்தான். படிக்கட்டு குறுகல், ஒரே ஃபேன், மே மாதம் கடைசி பெஞ்சில் உட்கார முடியாது.

சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதுகிறவர்களுக்கு இது மட்டும் போதாது, சிலபஸ் முழுக்க வராது. பி.காம், பி.பி.ஏ. பசங்களுக்கும், கல்லாவில் உட்காருகிற யாருக்கும் தாராளமாகச் சொல்வேன். முதல் வகுப்புக்குப் பணம் கிடையாது, உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கட்டலாம். ஆறே முக்காலுக்கே போனால் ஃபேனுக்குக் கீழே இடம் கிடைக்கும். வீட்டில் பழைய நோட்டோ பில்லோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், சார் அதை வைத்தே நடத்துவார்.